கையில பட்டுதா?

கேள்வி:

அக்கா, நாங்கள் தூத்தூர்ப் பக்கம் கடலோர ஊர். வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். போனால் முப்பது, நாற்பது நாள் கழித்துத்தான் கரை. மூத்த மகனுக்கு 13 வயது, நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பந்துதான். போன மாதம் ஒரு டோர்னமென்டில் பைனல் வரை வந்தார்கள். 1-1. முடிய நாலு நிமிடம் இருக்கும்போது எங்கள் பாக்ஸுக்குள் பந்து இவன் கையில் பட்டுவிட்டது. ரெஃபரி மறைவில் நின்றார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கத்தவும், அவர் இவனிடமே வந்து, “கையில பட்டுதா?” என்று கேட்டார். இவன் தலையை ஆட்டிவிட்டான். பெனால்டி. தோற்றுப்போனோம். அன்றிலிருந்து கூட்டுக்காரப் பையன்கள் இவனை ‘அரிச்சந்திரன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயிற்சியாளர் எல்லார் முன்னாலும், “ரெஃபரி பாக்காதது ஃபவுலே இல்ல. அவருக்க வேலை உனக்கு எதுக்கு லே?” என்று கேட்டாராம். கொச்சியில் கரையேறிப் போன் செய்த இவரும், “மரடோனா கையால கோல் அடிச்சான், உனக்க மொவன் கையில பட்டதுக்குத் தலை ஆட்டுறான்” என்று சிரிக்கிறார். பிள்ளை மூன்று நாளாகப் பயிற்சிக்குப் போகவில்லை. பொய் சொல்லாதே என்று நான் வளர்த்தது தப்பா? ஆட்டத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லிக் கொடுக்கட்டுமா?

அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். இவன் டிசம்பர் 12-ல் பிறந்தவன். இருபது நாள் பிந்திப் பிறந்திருந்தால் அடுத்த வருடமும் 14 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடலாமாம். பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்ய ஆள் இருக்கிறது என்று சொல்லி, பயிற்சியாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். ‘சின்ன விஷயம்’ என்று கடைசியில் நாலு வரி ஒட்டியிருக்கிறீர்களே, அந்தப் படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உடற்கல்வி ஆசிரியையாகவும், அதன்பின் விளையாட்டு உளவியல் ஆலோசகராகவும் பெற்றோரோடு பேசிப் பேசி எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. கடிதத்தின் வாலில் தொங்கிக்கொண்டு வருவதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற விஷயமாக இருக்கும்.

முதலில் அந்தப் பந்தைப் பார்ப்போம். கையில் பட்டதெல்லாம் ஹேண்ட்பால் கிடையாது. கால்பந்துச் சட்டத்தின் 12-ஆம் விதிப்படி, வேண்டுமென்றே கையால் தொட்டால் குற்றம். கையை இயல்புக்கு மாறாக விரித்து உடம்பைப் பெரிதாக்கி வைத்திருந்து, அதில் பந்து பட்டாலும் குற்றம். உடம்போடு ஒட்டியிருந்த கையில் பந்து தானாக வந்து மோதினால் பொதுவாக ஆட்டத்தைத் தொடர விட வேண்டியதுதான். உங்கள் மகனின் கை அப்போது எங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ரெஃபரியும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ‘பட்டுதா’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, தான் எடுக்க வேண்டிய முடிவை 13 வயதுப் பையனின் தலையசைப்பில் வைத்துவிட்டார். பையன் சொன்னது உண்மை. பெனால்டி கொடுத்தது ரெஃபரியின் தீர்ப்பு. இது இரண்டும் வேறு வேறு என்று அவனுக்குப் புரிந்தாலே பாதிப் பாரம் இறங்கும். ‘என்னாலதான் தோத்துச்சு’ என்று குமைந்துகொண்டிருந்தால் அந்த விதியை அவனை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். இனி யாராவது கேட்டால், “பட்டுது சார், ஆனா கை உடம்போட ஒட்டித்தான் இருந்துது” என்று சொல்லலாமே, அப்படி இருந்திருந்தால். விதி தெரிந்த பிள்ளைக்கு உண்மையை முழுசாகச் சொல்ல முடியும்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் ஊர் மணலில் சாயங்காலம் பையன்கள் பந்து தட்டுவதை நின்று பார்த்திருப்பீர்கள். இரண்டு செருப்புதான் போஸ்ட். கோடு காலால் கீறியது, அலை ஏறி வந்தால் அதுவும் போச்சு. மேலே குறுக்குக் கம்பி இல்லாததால் பந்து உயரமாகப் போகும்போதெல்லாம் ஒரு சண்டை வரும். கோலி எம்பிக் குதித்துக் கையைத் தூக்கிக் காட்டி, “இதுக்கு மேல போச்சு லே” என்பான். அடித்தவன் இல்லை என்பான். ஆட்டத்தைவிடச் சண்டை நீளும். கடைசியில் ஒருவன், “சரி, பெனால்டி வச்சுக்கோ” என்பான், பந்து மறுபடி உருளும். விசில் இல்லை, ரெஃபரி இல்லை. கள்ள ஆட்டம் ஆடுகிறவனுக்கு அவர்களே பெயர் வைத்திருப்பார்கள். அழுகுணி என்பார்கள், போங்கு என்பார்கள். மறுநாள் அணி பிரிக்கும்போது அவன் பெயரைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் நீதிபோதனை வகுப்பு எடுக்கவில்லை. ஒத்துப்போகாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும், வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறக்க வேண்டிவரும், அவ்வளவுதான் காரணம்.

அதே பையன்களுக்கு ஜெர்சி மாட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் விசிலோடு ஒருவரை நிறுத்திப் பாருங்கள். நியாயம் பார்ப்பது இப்போது அவர் பொறுப்பாகிவிடுகிறது. அவர் கண்ணில் படாமல் எவ்வளவு செய்யலாம் என்பது ஆட்டத்தின் ஒரு பகுதியாகிறது. கோட்டுக்கு வெளியே அப்பாவும் மாமாவும் நின்று, “விழு லே, விழு” என்று கத்துவார்கள். பயிற்சியாளர் சொன்ன வாசகம் முளைக்கிற இடம் இதுதான். ரெஃபரியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் வந்ததும் பிள்ளைகளிடமிருந்து ஒரு வேலையை நாம் பிடுங்கிவிடுகிறோம், அதைக் கவனிப்பதே இல்லை என்கிறேன். உங்கள் மகன் மணலில் ஆடிய மாதிரியே மைதானத்திலும் ஆடிவிட்டான். கேட்டார்கள், சொன்னான்.

இது என் சொந்தக் கற்பனையில்லை. அமெரிக்காவில் பிரெண்டா பிரெடிமையர், டேவிட் ஷீல்ட்ஸ் என்ற இருவர் 1980-களிலிருந்து இதைத் துருவிப் பார்த்தார்கள். ஒரே ஆளிடம் அன்றாட வாழ்க்கையில் வரும் தர்மசங்கடம் ஒன்றையும், ஆட்டத்தில் வரும் தர்மசங்கடம் ஒன்றையும் சொல்லி, எது சரி என்று கேட்பார்கள். ஆட்டம் என்றதும் பதிலில் ‘நான், எனக்கு’ என்பது தூக்கலாக வரும். சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தப் பிளவு அவ்வளவாக இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்பை எட்டும்போதுதான் தென்படத் தொடங்கியது. ‘வாழ்க்கைக்கு ஒரு நியாயம், ஆட்டத்துக்கு ஒரு நியாயம்’ என்பதைப் பிள்ளைகள் எங்கேயோ பார்த்து, யாரிடமோ கேட்டுப் பழகுகிறார்கள். உங்கள் மகனுக்கு அதை இப்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் சொல்லிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள், பயிற்சியாளர், அப்பா, நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், ‘ஆட்டத்தில் மட்டும்’ என்ற வார்த்தை உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘பாவம்’ என்று எழுதி ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது. பிரிட்டனில் மார்ட்டின் லீ, ஜீன் வைட்ஹெட், நிகோஸ் டூமானிஸ் ஆகிய மூவரும் 2007-ல், விளையாடுகிற பிள்ளைகளின் மனப்போக்கை அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது, ஏமாற்றுவதையும் தந்திரத்தையும் தனித்தனியாகக் கேட்டதுதான். விதியை மீறி ஏமாற்றுவதை ஒரு பிள்ளை எவ்வளவு ஒப்புக்கொள்கிறான் என்பது ஒன்று. விதிக்குள்ளேயே நின்று எதிராளியின் நிதானத்தைக் குலைப்பதை எவ்வளவு ஒப்புக்கொள்கிறான் என்பது இன்னொன்று. வெற்றி தோல்வியை அதனதன் அளவில் வைத்துக்கொள்கிறானா என்பது மூன்றாவது.

நம் மைதானங்களுக்கு இதைக் கொண்டுவந்தால் நான் இப்படித்தான் பிரிப்பேன். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது த்ரோ எடுக்க ஆடி அசைந்து போகிறானா? அது தந்திரம். ரெஃபரி கண்டித்தால் வாங்கிக்கொள்ளட்டும், நான் தூக்கம் கெட மாட்டேன். யாரும் தொடாமலே பாக்ஸுக்குள் சுருண்டு விழுகிறானா? அது உடம்பால் சொல்கிற பொய், பிடிபட்டால் மஞ்சள் அட்டை. எதிராளியின் அம்மாவை, சாதியை, ஊரை இழுத்துப் பேசிச் சீண்டுகிறானா? அதைத் தந்திரம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கரைக்காரன், மலைக்காரன் என்று தொடங்கும் பேச்சு நம் மாவட்டத்தில் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, கையில் பட்டது, யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை என்றால்? பேசாமல் ஆட்டத்தைத் தொடர்ந்தால் அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தானாகப் போய் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கால்பந்து விதி எதுவும் ஆட்டக்காரனைக் கட்டாயப்படுத்தவில்லை. இதில் என்னோடு சண்டை போடுகிற சக ஆசிரியர்கள் உண்டு, போடட்டும். ஆனால் முகத்துக்கு நேரே கேட்டபிறகு ‘இல்லை’ என்றால் அது பொய்தான், மைதானத்தில் சொன்னாலும் மார்க்கெட்டில் சொன்னாலும். உங்கள் மகனிடம் கேட்டார்கள். அவன் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

நான் வேறு ஒன்றைச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட நாட்களில் நான் வாலிபால். ஒரு மண்டலப் போட்டியில் பிளாக் செய்ய எம்பியபோது எதிரணி அடித்த பந்து என் நடுவிரல் நுனியை உரசிக்கொண்டு வெளியே போனது. பட்டு வெளியே போனால் பாயின்ட் அவர்களுக்கு. ரெஃபரி பார்க்கவில்லை, எங்களுக்குக் கொடுத்தார். அடித்த பெண் வலைக்கு அந்தப் பக்கம் நின்று, “பட்டுச்சுல்ல?” என்று என்னிடம் கேட்டாள். நான் உதட்டைப் பிதுக்கினேன். அந்த செட்டை நாங்கள் எடுத்தோம். வீட்டில் என் அப்பா, ஆட்டத்தில் இதெல்லாம் சகஜம் என்றார், என் தங்கை கைதட்டினாள். சான்றிதழ் இன்னும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. இப்போது சர்வதேச வாலிபாலில், பந்து தன் மேல் பட்டதைத் தானே ஒப்புக்கொள்கிற ஆட்டக்காரருக்குப் பச்சை அட்டை காட்டிப் பாராட்டுகிற வழக்கம் வந்திருக்கிறது. டிவியில் அதைப் பார்க்கும்போது என் நடுவிரலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன், சிரிப்பாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அர்ஜென்டினா கட்சிதான். 1986 ஜூன் 22-ல் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோல் போட்டார், அடுத்த சில நிமிடத்தில் பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து இன்னொன்று போட்டார். நம் கடற்கரையில் இந்த இரண்டு கதையும் ஒரே மூச்சில்தான் சொல்லப்படுகிறது. கையால் போட்டதைச் சொல்லும்போது குரலில் ஒரு தித்திப்பு கூடுகிறதா இல்லையா? பிள்ளைகள் அந்தத் தித்திப்பைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கோலை எப்படிப் போட்டார், எந்தக் காலால் திருப்பினார், எத்தனை பேரைத் தாண்டினார் என்று அப்பா வாயால் கேட்டால் மகனுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்.

அவரோடு பேச இன்னொரு வழி சொல்கிறேன், அவருடைய தொழிலிலிருந்தே. போட் கரைக்கு வந்து மீன் ஏலம் போய், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவெல்லாம் கழித்துப் பங்கு பிரிக்கிறார்கள் இல்லையா? அப்போது ஒருவன் நாலு மீனை ஒளித்து வைத்துவிட்டு, “யாரும் பாக்கல, அதனால அது களவில்ல” என்று சொன்னால் இவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். அப்படிப்பட்ட ஆளோடு இன்னொரு தடவை நாற்பது நாள் கடலுக்குப் போவாரா? குத்திக் காட்டுகிற மாதிரி கேட்க வேண்டாம். சாப்பிட்டு முடித்து, நல்ல மனநிலையில் இருக்கும்போது கேளுங்கள். சில அப்பாக்கள், ‘அது தொழில், இது விளையாட்டு’ என்பார்கள். சொல்லட்டும். விளையாட்டிலேயே பொய்க்குப் பழகினவன் தொழிலில் எப்படி இருப்பான் என்பதை அவரே யோசித்துக்கொள்வார், நீங்கள் வாதாட வேண்டாம்.

பையன்களின் கோபத்துக்கு வருவோம். இங்கே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவர்களை வில்லன்களாக்காதீர்கள். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடிய பிள்ளைகள். பைனல், கடைசி நாலு நிமிடம். அவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். ‘அரிச்சந்திரன்’ என்ற பட்டப்பெயர் கொஞ்ச நாளில் தேய்ந்துபோகும், நீங்கள் அவர்கள் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போடாமல் இருந்தால். உங்கள் மகனையும் வீட்டில் புண்ணியவானாக்கிப் பீடத்தில் ஏற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நிற்கிறவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொன்னால் அவன் நிலைமை இன்னும் மோசமாகும். அவன் பயிற்சிக்குத் திரும்பிப் போய், ஒரே ஒரு தடவை, “தோத்தது எனக்கும் சங்கடந்தான், ஆனா கேட்டப்ப பொய் சொல்ல வரல்ல” என்று சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அப்புறம் பந்தை எடுத்து ஓடட்டும்.

அவனுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. ஜெர்மனியின் மிரோஸ்லாவ் கிளோசே. உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல் அடித்தவர். 2012 செப்டம்பரில் இத்தாலியின் லாசியோ அணிக்காக நேபிள்ஸில் ஆடியபோது, பந்து அவர் கையில் பட்டு வலைக்குள் போனது. ரெஃபரி கோல் கொடுத்துவிட்டார். கிளோசே அவரிடம் போய்க் கையில் பட்டதைச் சொன்னார், கோல் ரத்தானது. நல்லது செய்தார், அதனால் ஜெயித்தார் என்று கதையை முடிக்கத்தான் எனக்கும் ஆசை. லாசியோ அன்று 3-0 என்று தோற்றது. மகனிடம் அந்தத் தோல்வியையும் சேர்த்தே சொல்லுங்கள். மறைத்துச் சொன்னால் அடுத்த நிமிடம் போனில் தேடிக் கண்டுபிடித்துவிடுவான், உங்கள் மற்றப் பேச்சையும் நம்ப மாட்டான்.

பயிற்சியாளரைப் பற்றி இப்போது. அவர் எல்லார் முன்னாலும் பிள்ளையைக் கேட்டது தவறு. அதைத் தனியாகப் பார்த்து, மரியாதையாகச் சொல்லலாம். கோப்பை வராவிட்டால் அடுத்த வருடம் அவரை வைத்துக்கொள்வார்களா என்ற பயம் அவருக்கும் இருக்கக்கூடும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறி ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் கல்லூரி இடம், வேலை என்று பிறகு பல கதவு திறக்கும் என்பதும் பொய்யில்லை. அந்த அழுத்தம் அவர் தலையிலிருந்து பையன்கள் தலையில் இறங்குகிறது. இதுவரை அவர் பக்கம் நின்று யோசிக்க என்னால் முடிகிறது.

ஆனால் அந்தப் படிவம் வேறு.

அதிலும் உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஜனவரி 1-ஐ எல்லையாக வைத்து வயதுப் பிரிவு போட்டால் டிசம்பரில் பிறந்த பிள்ளை அந்த ஆண்டுக் கூட்டத்திலேயே கடைக்குட்டி. ஜனவரியில் பிறந்தவன் அவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன், அந்த வயதில் ஒரு வருடம் என்பது நாலு விரல்கடை உயரம். பெரியவனாகத் தெரிகிறவனைத் திறமைசாலி என்று தேர்ந்தெடுத்து, அவனுக்கே நல்ல பயிற்சியும் கொடுக்கிறார்கள். கனடாவில் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதை 1980-களிலேயே கவனித்து எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாதமிகளில் 2015-ல், பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரித்தும் ஆட வைத்துப் பார்த்தார்கள். ஆக, ‘இருபது நாளில் என் பிள்ளைக்கு நஷ்டம்’ என்று உங்களுக்குத் தோன்றுவது வெறும் தாய்ப்பாசம் இல்லை. நஷ்டம் நிஜம்தான்.

ஆனாலும் கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு இருபது நாள் இந்தப் பக்கம் ஒரு பிள்ளை நின்றுகொண்டுதான் இருப்பான். 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்றது ஞாபகம் இருந்தால், உங்கள் மகனுக்குக் கட்டாயம் இருக்கும், அவனிடம் கேளுங்கள். ஜப்பானின் வெற்றி கோலுக்கு முன், பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். சில மில்லிமீட்டர் கோட்டின் மேலே ஒட்டிக்கொண்டிருந்ததால் அந்த கோல் நின்றது. ஸ்பெயின்காரர்கள் கோட்டை நகர்த்தச் சொல்லவில்லை. இன்னொன்று, உங்கள் மகனுக்கு இருபது நாள் குறைக்கிற கை அங்கேயே நின்றுவிடாது. பக்கத்து ஊர்க்காரர் ஒரு வருடம் குறைப்பார், அதற்கு அடுத்தவர் இரண்டு. கடைசியில் மீசை அரும்பினவன் ஓடி வந்து இடிக்கும்போது நிஜமாகவே 12 வயதான பிள்ளைதான் கால் ஒடிந்து கிடப்பான்.

பிடிபட மாட்டோம் என்று நினைக்க வேண்டாம். இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் முதிர்ச்சியைப் பார்க்கிற முறை இந்தியக் கிரிக்கெட்டில் இருக்கிறது. 17 வயதுக்குட்பட்ட பையன்களின் கால்பந்து உலகக் கோப்பையில் 2009-லிருந்து மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள். ஐபிஎல்லில் ஆடிய ஓர் இளம் வேகப்பந்து வீச்சாளருக்குத் தவறான பிறப்புச் சான்றிதழுக்காக 2019-ல் இரண்டு ஆண்டு தடை விழுந்தது. இருபது நாளை எக்ஸ்ரே காட்டாது என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லக்கூடும். உண்மைதான், காட்டாது. காகிதம் காட்டும். பள்ளிக்கூடத்தில் எமிஸ் என்கிற மாணவர் பதிவு எண்ணோடு ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, ஞானஸ்நானப் பதிவில் ஒரு தேதி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு தேதி. கப்பலுக்கும் கல்ஃபுக்கும் பிள்ளைகளை அனுப்புகிற ஊர் நம்முடையது. பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது இரண்டு பிறந்த தேதியை வைத்துக்கொண்டு எத்தனை ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும் என்று உங்கள் தெருவிலேயே யாராவது அனுபவப்பட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. 2001-ல் அமெரிக்காவில், 12 வயதுப் பையன்களுக்கான பேஸ்பால் போட்டியில் டேனி அல்மோண்டே என்ற பையன் பந்து வீசிப் பிரமாதப்படுத்தினான். அப்புறம் அவனுக்கு 14 வயது என்று தெரியவந்தது. தேதியை மாற்றியது பெரியவர்கள். அவன் அப்பாவும் அணியை நடத்தியவரும் தடை செய்யப்பட்டார்கள், அணியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. இத்தனை வருடம் கழித்தும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற பெயர் அந்தப் பையனுடையது. மைதானத்தில் உங்கள் மகன் தலையசைத்தது அவன் சொந்த முடிவு. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, ஆனால் அந்தத் தேதியை வாழ்நாள் முழுக்கச் சொல்லித் திரிய வேண்டியது அவன். இப்போது நீங்கள் கையெழுத்துப் போட்டால், அவன் அன்று தலையாட்டியதற்கு வீட்டில் என்ன பதில் கிடைத்தது என்று அவன் புரிந்துகொள்வான். நீங்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது.

பயிற்சியாளரிடம் நீளமாகப் பேச வேண்டாம். “சார், அவன் அடுத்த பிரிவுலயே ஆடட்டும், பெஞ்சுல உக்காந்தாலும் பரவாயில்ல” என்று சொல்லுங்கள். ஒரு வருடம் பெரிய பையன்களோடு திணறுவான். உடம்பு உதவாத இடத்தில் காலையும் தலையையும் உபயோகிக்கப் பழகுவான், அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பிள்ளையை அணியிலிருந்து தூக்கிவிடுவேன் என்று அவர் சொன்னால் வேறு கிளப் பாருங்கள். உங்கள் கரையில் கிளப்புக்கா பஞ்சம்?

மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வுக்காரர்கள் 2008-ல் இன்னொன்றும் எழுதினார்கள். மற்றவனைவிடத் தான் மேல் என்று காட்டிக்கொள்வது முக்கியமாக இருந்த பிள்ளைகள் ஏமாற்றுக்கும் சீண்டலுக்கும் அதிகம் இசைந்தார்கள். ஆட்டத்தை இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்வது முக்கியமாக இருந்தவர்கள் நியாயத்தின் பக்கம் சாய்ந்தார்கள். வீட்டில் இதற்குச் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மகன் சேறும் மணலுமாக உள்ளே வரும்போது, ‘ஜெயிச்சியா?’ என்பதற்கு முன்னால் வேறு ஏதாவது கேளுங்கள். இன்று எத்தனை பாஸ் சரியாகப் போனது, இடது கால் இப்போது வழிக்கு வருகிறதா, எவன் உன்னைத் தாண்டிப் போனான், எப்படிப் போனான் என்று.

உங்களுக்கு அதெல்லாம் கேட்கத் தெரியாது என்று நினைக்கிறேன். இரண்டு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கோர் இருக்கிறது, நிமிடம் இருக்கிறது, யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் இருக்கிறது. அவன் அணியில் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று எழுதவே இல்லை. அவனிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா